மரத்துப்போன இரண்டு விரல்கள்

சைக்கிள் சீட்டின் முனையை இரண்டு விரற்கடை கீழே சாய்த்தது நான்தான். யாரும் செய்யச் சொல்லவில்லை. வீட்டிலிருந்த ஸ்பேனரை எடுத்து, சீட்டுக்கு அடியில் இருந்த நட்டைத் தளர்த்தி, முனையைக் கையால் அழுத்தி, மறுபடி இறுக்கினேன். பத்து நிமிட வேலை. செய்து முடித்து, கைகளில் இருந்த கிரீஸைச் சோப்புப் போட்டுக் கழுவியபோது எனக்கு என்மீதே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மகள் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. அவள் பிறந்ததும் இறங்கிவிட்டது. ஆனால் அது திரும்பி வரலாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. அம்மாவின் கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். அதனால் அந்த வார்த்தையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மகளுக்கு நாலு வயது முடிந்த சமயத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எண் எல்லைக்கோட்டில் வந்து நின்றது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. சாப்பிடாமல் இருப்பதும் தப்பு என்று எங்கோ படித்தது நினைவுக்கு வர, எழுந்து போய் ஒரு வெள்ளரிக்காயைத் தின்றேன்.

நாங்கள் இருப்பது சாந்தோமில், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே. கணவர் பள்ளி ஆசிரியர். அவர் ஏழரை மணிக்குக் கிளம்பிவிடுவார். குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு நான் வெளியே போக முடிகிற நேரம் காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரைதான். நடந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை என்று எனக்குத் தோன்றியது. அவர் தனக்கென்று பழையதாக வாங்கி, இரண்டு மாதம் ஓட்டிவிட்டுப் படிக்கட்டுக்கு அடியில் நிறுத்தியிருந்த சைக்கிளை எடுத்துத் துடைத்தேன். பள்ளி நாட்களுக்குப் பிறகு நான் சைக்கிள் ஏறியது அப்போதுதான்.

லூப் ரோட்டில் நொச்சிக்குப்பத்தைக் கடந்து, பட்டினப்பாக்கம் வழியாக அடையாறு பாலம் வரை போய், பாலத்தின் மறுமுனையில் திரும்பி வருவேன். வாரத்துக்கு மூன்று நாள். அந்த நேரத்தில் லூப் ரோட்டில் மீன் கடைகள் விரித்திருக்க மாட்டார்கள். கவிழ்த்துப்போட்ட கூடைகளும், ஈரமான பலகைகளும், அவற்றுக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்திருக்கும் பூனைகளும்தான் இருக்கும். வலைகளை ஒதுக்கும் ஆண்கள் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். கடலின் சத்தம் ஒரு பக்கம் மட்டும் கேட்டுக்கொண்டே வரும்.

முதல் இரண்டு வாரம் எனக்கு வலித்தது உட்காரும் இடத்தில்தான். பிரசவத்தில் தையல் போட்ட இடம் நாலு வருடத்துக்குப் பிறகும் தன் இருப்பைச் சொல்லிக்கொண்டிருந்தது. இதை யாரிடமும் கேட்க முடியாது. கணவரிடம்கூடச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆகவே போனில் தேடினேன். தேடியதையெல்லாம் மகளின் பழைய நோட்டில் எழுதி வைத்தேன். தையல் தடிப்பில்லாத உள்ளாடை போட வேண்டும். தொடை உராயும் இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவலாம். வீட்டுக்கு வந்தவுடன் ஈர உடையை மாற்றிவிட வேண்டும். காலைச் சுவரில் உயர்த்தி வைத்து ஐந்து நிமிடம் படுத்தால் கெண்டைக்கால் பிடிப்பு விடும். உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். இவை எல்லாமே பலன் தந்தன, இன்றைக்கும் செய்கிறேன். இவற்றுக்குக் கீழே ஐந்தாவதோ ஆறாவதோ ஒரு வரி: முன்பக்கம் அழுந்தி வலித்தால் சீட்டின் முனையைச் சற்றே தாழ்த்திப் பார்க்கவும்.

‘சற்றே’ என்றுதான் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பிறகு ஏன் இரண்டு விரற்கடை சாய்த்தேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். வலி போக வேண்டும் என்ற அவசரம்தான். கொஞ்சம் சாய்த்தால் கொஞ்சம் போகும், நிறையச் சாய்த்தால் முழுக்கப் போகும் என்று கணக்குப் போட்டேன். சொல்லப்போனால் போகவும் செய்தது. மறுநாளே வலி இல்லை. சாய்வில் வழுக்கி வழுக்கி முன்னால் வந்துகொண்டிருந்தேன், கைகளை ஹேண்டில்பாரில் ஊன்றித் தள்ளித் தள்ளிப் பின்னால் போனேன். சைக்கிள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் இருக்கும். ஒரு காலையில் அடையாறு பாலத்தின் மேல் வலது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. கையை உதறினேன். சரியாயிற்று. அடுத்த வாரம் உதறியும் சரியாகவில்லை, வீட்டுக்கு வந்து காபி போடும் வரை அப்படியே இருந்தது. அதற்கடுத்த வாரம் மதியம் வரை.

மரத்துப்போதல் என்றால் ஒன்றுமே தெரியாமல் போவது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அந்த இரண்டு விரல்களிலும் ஏதோ ஒன்று எப்போதும் இருந்துகொண்டிருந்தது. யாரோ மெதுவாக, ஆனால் விடாமல், பிடித்துக்கொண்டிருப்பதுபோல. சின்னக் கை ஒன்றின் பிடி. வெதுவெதுப்பு கிடையாது, அழுத்தம் மட்டும். சமைக்கும்போது இருந்தது. துணி மடிக்கும்போது இருந்தது. ஒருமுறை தூக்கத்தில் விழித்து, மகள்தான் என் விரலைப் பிடித்தபடி தூங்குகிறாள் என்று எண்ணி, அசைந்தால் எழுந்துவிடுவாளே என்று அப்படியே படுத்திருந்தேன். விடிந்த பிறகு பார்த்தால் அவள் கட்டிலின் அந்தக் கோடியில், அப்பாவுக்கு அப்பால், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

நான் அதைச் சர்க்கரை என்று நினைத்தேன்.

அம்மாவுக்கும் மரத்துப்போவதில்தான் தொடங்கியது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் கடைத்தெருவில் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறாள். அவள் காலை நினைத்துக்கொண்டு என் கையைப் பார்த்தேன். டாக்டரிடம் போனால் அவர் அதைச் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். கணவரிடமும் சொல்லவில்லை. அவர் முதலில் சொல்லப்போவது, காலையில் தனியாகச் சைக்கிளில் போவதை நிறுத்து என்பதுதான். சர்க்கரைக்கு மருந்தே அந்தச் சைக்கிள்தான் என்று நான் நம்பியிருந்தேன். ஆகவே செய்யக்கூடாததைச் செய்தேன். மூன்று நாளை ஆறு நாளாக்கினேன். ஞாயிறு மட்டும் பூசைக்குப் போக வேண்டும் என்பதால் விடுமுறை.

அந்த நாட்களின் காலைகளை இப்போது நினைத்தாலும் முதுகு சில்லென்கிறது. பாலத்தின் மேல் பனிமூட்டம்போல ஒன்று ஆற்றிலிருந்து எழுந்து கைப்பிடிச் சுவர் வரைக்கும் நிற்கும். முன்னால் போகும் பால் வண்டியின் பின்விளக்கு இருக்கும், வண்டி இருக்காது. நான் குனிந்து ஹேண்டில்பாரைப் பார்ப்பேன். இடது கை என்னுடையது. வலது பக்கம் ஒரு கை கிடக்கும், யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனதுபோல. பட்டினப்பாக்கத்தில் ஒரு நாள் நாய் குறுக்கே வந்தது. பிரேக் கிறீச்சிட்ட சத்தம் கேட்ட பிறகுதான் பிரேக் பிடித்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. நாய் நின்று என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, குரைக்காமல் போயிற்று. குரைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகள் என்னோடு நடக்கும்போது என் கையைப் பிடிப்பதில்லை. சுண்டு விரலையும் மோதிர விரலையும் சேர்த்துப் பிடிப்பாள். முழுக் கைக்கு அவளுடைய பிடி பற்றாது, அந்த இரண்டு விரல்தான் அவள் அளவு. நடை பழகிய நாளிலிருந்து அப்படித்தான். நான் இடது தோளில் பை மாட்டுகிறவள். ஆகவே அவளுக்கு உரியது வலது கை.

ஒரு நாள் பள்ளிக்கு நடந்துகொண்டிருந்தபோது அவள் நின்றுவிட்டாள்.

“அம்மா, நீ பிடி.”

“பிடிச்சிருக்கேனே கண்ணு.”

“இல்ல. நான் மட்டும்தான் பிடிக்கிறேன்.”

சாலையில் தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. நான் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். எல்.கே.ஜி. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறேனே என்று பள்ளி வாசலில் மற்றத் தாய்மார் பார்த்தார்கள். அவள் சொன்னதை நான் அன்றைக்கே சரியாகக் கேட்டிருக்க வேண்டும். எதிலும் நூறு தடவை யோசிக்கிற நான், யோசிக்க வேண்டிய ஒரே விஷயத்தில் யோசிக்காமல் இருந்தேன்.

எங்கள் பங்குக் கோவில் திருவிழாவில் தேர்ப் பவனிக்கு முன்னால் சின்னப் பெண்பிள்ளைகள் சம்மனசு வேடம் போட்டு நடப்பார்கள். வெள்ளைக் கவுன், தலையில் சரிகை வளையம், முதுகில் அட்டையில் செய்த இறக்கை. அந்த வருடம் மகளின் பெயரையும் கொடுத்திருந்தோம். கவுன் முழங்காலுக்குக் கீழே வர வேண்டும், கை முழுக்க மூடியிருக்க வேண்டும் என்று மறைக்கல்வி ஆசிரியை சொல்லியிருந்தார். சனிக்கிழமை மதியம், கூட்டம் சேர்வதற்கு முன்னால் வாங்கிவிடலாம் என்று அவளை அழைத்துக்கொண்டு தி. நகர் போனேன். அன்று காலையும் சைக்கிள் ஓட்டியிருந்தேன்.

கூட்டம் எங்களுக்கு முன்பே சேர்ந்திருந்தது. ரங்கநாதன் தெருவின் வாயில் ஆட்டோவிலிருந்து இறங்கியதும், கையை விடவே கூடாது என்று அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். மஞ்சள் சட்டை, பச்சைக் கிளிப். கூட்டத்தில் தேடினால் தெரிய வேண்டும் என்றுதான் மஞ்சளைப் போட்டிருந்தேன். அந்தத் தெருவில் நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மை நடத்திக்கொண்டு போகும். நான் முன்னால், அவள் அரை அடி பின்னால், என் விரல்களில் அவள் பிடி. நடுவில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன், இருந்தாள். பிறகு பார்க்கத் தேவையிருக்கவில்லை. பிடி இருந்தது. ஒரு கணம்கூடத் தளரவில்லை.

பிள்ளைகளின் துணி விற்கும் கடை முதல் மாடியில் இருந்தது. படி ஏறினேன். மேலே கயிறு கட்டி வெள்ளைக் கவுன்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். முப்பது நாற்பது இருக்கும், எல்லாம் ஒரே மாதிரி. மின்விசிறிக் காற்றில் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி, ஒரே நேரத்தில் நின்றன. விற்கிற பெண் எத்தனை வயதுப் பிள்ளை என்று கேட்டாள். நாலரை என்றேன். பிள்ளையைக் கூட்டி வந்திருந்தால் அளவு பார்த்துத் தந்திருப்பேனே என்றாள்.

இதோ என்று சொல்லிக்கொண்டே வலது பக்கம் திரும்பினேன்.

அங்கே யாரும் இல்லை. இதில் சொல்ல முடியாதது என்னவென்றால், அப்போதும் என் இரண்டு விரல்களும் பிடிக்கப்பட்டிருந்தன. நான் என் கையைப் பார்த்தேன். வெறும் கை. பிடி அப்படியே இருந்தது. கையை உதறினேன். அந்தப் பெண் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கீழே தெரு முழுக்க இடுப்புகளும் பைகளுமாக இருந்தது, முகங்களே இல்லை. நாலரை வயதுப் பிள்ளை அந்த உயரத்தில் எங்கே தெரியும். எந்த இடத்தில் விட்டேன், எவ்வளவு நேரமாயிற்று, எதுவும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய விரல்கள் எதையும் சொல்லவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வந்த வழியே திரும்ப நடக்க முயன்றேன், கூட்டம் முன்னால் தள்ளியது. ஒரு கடைக் காவலாளியிடம் சொன்னேன். அவர் என்ன நிறச் சட்டை என்று கேட்டார். மஞ்சள் என்ற வார்த்தை வருவதற்கு எனக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. அவர் விசில் ஊதினார். யாரும் திரும்பவில்லை.

படிக்கட்டின் ஓரமாகக் கூடை வைத்துப் பூ விற்றுக்கொண்டிருந்த பெண்மணிதான் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னாம்மா, கொயந்தையத் தேடிக்கினு கீறியா? மஞ்ச சட்டையா? அந்தாண்ட பொம்ம கையப் புடிச்சிக்கினு ஒண்ணு எவ்ளோ நேரமா நிக்கிது. அதுவும் கடைக்காரன் வச்ச பொம்மதான்னு நெனச்சிக்கினு கீறேன் நானு.”

நாலு கடை தள்ளி ஒரு புடவைக் கடை. தெருவில் நடக்கிறவர்கள் பார்ப்பதற்காக வாசலிலேயே ஆள் உயரப் பொம்மைகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஐந்து பொம்மைகள், ஐந்து பட்டுப் புடவைகள். கடைசிப் பொம்மை கட்டியிருந்தது நீலம். நான் கட்டியிருந்ததும் நீலம்தான், ஆனால் அதே நீலம் இல்லை. அந்தப் பொம்மையின் கீழே தொங்கிய கையில், சுண்டு விரலையும் மோதிர விரலையும் சேர்த்துப் பிடித்தபடி என் மகள் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. நிமிர்ந்து பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தபடி, காத்திருக்கிற பிள்ளை நிற்கிற மாதிரி நின்றாள். அவளைச் சுற்றிக் கூட்டம் பிரிந்து போய், மறுபடி சேர்ந்துகொண்டது. யார் கண்ணிலும் அவள் படவில்லை.

நான் அவள் முன்னால் மண்டியிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேலே, பொம்மையின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் அவள் முகம் மாறியதை நான் யாரிடமும் சரியாகச் சொல்லிக் காட்ட முடியவில்லை. அப்போதுதான் அழுதாள்.

ஆட்டோவில் என் மடியில் உட்கார்ந்து, விக்கல் நின்ற பிறகு, நடந்ததைச் சொன்னாள். செருப்பு வார் கழன்றுவிட்டது. மாட்டிக்கொள்ள ஒரு நிமிடம் கையை விட்டாள். நிமிர்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா நகரவே இல்லை. கடைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தாளாம்.

“கை வேற மாதிரி இல்லையா கண்ணு?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“உன் கை மாதிரிதான் இருந்துச்சு,” என்றாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தி. நகரில் தொடங்கி, பிறகு பின்னால் போய் விரல், சர்க்கரை, ஆறு நாள், நாய் வரைக்கும். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக அழுத்தினார். கடைசி இரண்டை அழுத்தியபோது என் முகத்தைப் பார்த்தார். “எவ்ளோ நாளா?” என்று மட்டும் கேட்டார். இரண்டு மாதம் என்றேன். மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு என்னை அடையாறில் ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் பஞ்சாலும் குண்டூசியாலும் தொட்டுப் பார்த்தார். விரல்களை விரிக்கச் சொல்லி, நடுவில் ஒரு காகிதத்தைச் செருகி, இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். வலது கையில் காகிதம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. சர்க்கரையா என்று கேட்டேன். சர்க்கரையால் மரத்துப்போவது பெரும்பாலும் பாதத்தில் தொடங்கும், இப்படி ஒரு கையில் இரண்டு விரலை மட்டும் தேர்ந்தெடுத்து வராது என்றார். ஆனாலும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எண் முன்பைவிட நன்றாகவே இருந்தது. சுண்டு விரலுக்குப் போகும் நரம்பு உள்ளங்கையின் ஓரத்தில், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் நாள்கணக்காக அழுந்தியிருக்கிறது என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். வேலை இல்லை, சைக்கிள் ஓட்டுகிறேன் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டார்.

ஆறு வாரம் சைக்கிள் கூடாது. தூங்கும்போது முழங்கை மடங்கக் கூடாது, ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். கையை ஊன்றி எழுந்திருக்கக் கூடாது. சூடான பாத்திரத்தை அந்தக் கையால் எடுக்கக் கூடாது, ஏனென்றால் சுட்டாலும் தெரியாது. நரம்பு மெதுவாகத்தான் திரும்பும், அவசரப்படுத்த முடியாது. இவ்வளவையும் நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். இந்த முறை எழுத்து எழுத்தாக.

கணவருக்குச் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்காரரைத் தெரியும். உருது பேசுகிற குடும்பம், அதே தெருவில் பல காலமாகக் கடை. சைக்கிளை ஒரு சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். பாய் அதைத் தெருவில் நிறுத்தி, தள்ளி நின்று, வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னை ஏறி உட்காரச் சொன்னார், தானே பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். வழுக்கி முன்னால் வந்தேன். கைகளை ஊன்றினேன்.

“யாரும்மா சீட்ட இப்படிக் கவுத்தது?”

“நான்தான் பாய்.”

அவர் சிரிக்கவில்லை. இறங்கச் சொல்லிவிட்டு வலது கிரிப்பைத் தொட்டுக் காட்டினார். வெளிப்பக்க ஓரத்தில் மட்டும் ரப்பர் தேய்ந்து பளபளவென்று இருந்தது. இடது பக்கம் அவ்வளவு இல்லை.

“இது உக்காந்து ஓட்ற வண்டிம்மா. நீ கையால நின்னுக்கினு ஓட்டியிருக்கே.”

சீட்டின் மேல் நீளமான ஒரு ஸ்கேலை வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழ் நடுவுக்கு வரும் வரை திருத்தினார். வலி இருந்தால் சாய்ப்பதற்குப் பதிலாக நடுவில் பள்ளம் உள்ள அகலமான சீட்டை மாற்ற வேண்டும் என்று என் பக்கம் பார்க்காமலேயே, கணவரிடம் சொன்னார். அதை நான் நன்றியோடு கேட்டுக்கொண்டேன். ஹேண்டில்பாரை மேலே தூக்கினார். ஓட்டும்போது முழங்கை லேசாக மடிந்திருக்க வேண்டும், மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும், உள்ளங்கையின் ஓரத்தில் பாரம் விழக் கூடாது, கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை கையின் இடத்தை மாற்ற வேண்டும் என்றார். பஞ்சு வைத்த கையுறை போடலாம், ஆனால் இறுக்கமாக வேண்டாம். ஒரு வாரத்தில் என்னிடம் வந்திருந்தால் ஐந்து நிமிட வேலை என்றும் சொன்னார். இதைப் படிக்கிற யாராவது என்னைப்போல் வீட்டிலிருந்த ஸ்பேனரைக் கையில் எடுத்திருந்தால், அந்த ஐந்து நிமிடத்துக்காகவாவது ஒரு கடைக்குப் போங்கள். வலிக்கிற இடத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. ஏறி உட்கார்ந்தால் போதும், அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆறு வாரமும் சாயங்காலத்தில் ஒரு பயிற்சி இருந்தது. நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், வேறொருவர் விரல்களை மாற்றி மாற்றித் தொட வேண்டும், எந்த விரல் என்று நான் சொல்ல வேண்டும். நான்தான் தொடுவேன் என்று மகள் அடம்பிடித்தாள். அவளுக்கு அது விளையாட்டு. நான் சரியாகச் சொன்னால் கை தட்டுவாள். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். இரண்டு விரல்களையும் சேர்த்துப் பிடித்தது தெரிந்தது. மெதுவாக, விடாமல்.

“சுண்டு விரலும் மோதிர விரலும். ரெண்டையும் பிடிச்சிருக்கே,” என்றேன்.

கண்ணைத் திறந்தேன். அவள் அறையின் மறுகோடியில், கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன பந்தை எடுக்கக் குனிந்திருந்தாள்.

“நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா,” என்றாள்.

அது நரம்பின் வேலைதான். திரும்பி வரும்போது இப்படியெல்லாம் செய்யும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எனக்கும் அது புரிகிறது. புரிந்தும் அன்று இரண்டு கைகளையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு, கணவர் வரும் வரை கூடத்தில் எல்லா விளக்கையும் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

திருவிழா எட்டாவது வாரத்தில் வந்தது. கவுனைக் கணவர் போய் வாங்கி வந்தார், முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே. சம்மனசுகள் இருவர் இருவராகக் கைகோத்து நடந்தார்கள். என் மகளின் ஜோடியாக நடந்த பெண்ணின் கையை அவள் முழுசாகப் பிடித்திருந்தாள், ஒரே அளவுக் கை. நான் பவனி முடியும் வரை பக்கத்திலேயே நடந்தேன். ஜெபமாலையில் எத்தனையாவது மணி என்று கவனிக்கவில்லை. மறைக்கல்வி ஆசிரியை இரண்டு முறை என்னைப் பின்னால் போகச் சொன்னார். நான் போகவில்லை.

இப்போது விரல்கள் சரியாகிவிட்டன. டாக்டர் மறுபடி காகிதத்தை வைத்து இழுத்துப் பார்த்தார், அது கிழிந்தது. சூடு தெரிகிறது, குளிர் தெரிகிறது, உப்புத்தாள் தேய்த்தால் எரிகிறது. வாரத்துக்கு மூன்று நாள் சைக்கிளும் ஓட்டுகிறேன், பாலம் வரைக்கும். பாதி வழியில் இறங்கி இரண்டு நிமிடம் கையை ஆட்டிவிட்டு ஏறுகிறேன்.

மகள் மறுபடி என் இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கொஞ்ச காலம் அவள் மணிக்கட்டை நான் பிடித்துப் பார்த்தேன். வலிக்கிறது என்றாள், பார்த்தால் சிவந்திருந்தது. எவ்வளவு இறுக்கினால் போதும் என்பது எனக்குப் பிடிபடவில்லை, அதனால் விட்டுவிட்டேன். அவள் பிடி எனக்கு நன்றாகவே தெரிகிறது. வியர்வை தெரிகிறது, நகம் தெரிகிறது. ஆனால் அன்றைக்கும் நன்றாகத்தானே தெரிந்தது. ஆகவே பத்து அடிக்கு ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்கிறேன். சாலையைக் கடக்கும்போது இரண்டு முறை.

அவள் இதற்குப் பழகிவிட்டாள். நான் குனிந்தால் நிமிர்ந்து பார்க்காமலேயே, “இருக்கேன்மா,” என்கிறாள். சில நாள் நான் குனிவதற்கு முன்பே சொல்லிவிடுகிறாள். சொன்ன பிறகும் குனிந்து பார்க்கிறேன்.